தங்கவயலின் பிள்ளைகள் கணக்கெடுக்கக் கற்கட்டும்!

(சமூக, பொருளாதார ஏற்றத்தாழ்வுகளை ஆராயும் இளம் ஆய்வாளர்களுக்காகக் கோலார் தங்கவயலில் நடைபெற்ற பயிற்சி முகாமின் தொடக்க உரை. எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



இப்பயிற்சி முகாமைப் பெங்களூரில் நடத்தியிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அங்கே பெரிய நூலகங்கள் உள்ளன, பேராசிரியர்கள் உள்ளனர், தங்குவதற்கு வசதி உண்டு. இருந்தும் மூடப்பட்ட சுரங்கங்களும் சயனைடு மண்மேடுகளும் சூழ்ந்த இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தோம். அதற்கான காரணத்தை ஒரு பழைய நிகழ்விலிருந்து தொடங்குகிறேன்.

1951ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து ஓர் இளம் ஆய்வு மாணவர் இங்கு வந்தார். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஹோமி பாபாவின் வழிகாட்டுதலில் பணியாற்றிய பி.வி. ஸ்ரீகண்டன்தான் அவர். விண்ணிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் பூமிக்குள் எவ்வளவு ஆழம் வரை ஊடுருவுகின்றன என்பதை அளப்பதற்கு, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றான நமது சுரங்கம் அவருக்குத் தேவைப்பட்டது. இங்கு அளந்ததைக் கொண்டே அவர் முனைவர் பட்டம் பெற்றார். பின்னாளில் அந்நிறுவனத்தின் இயக்குநராகவும் உயர்ந்தார். 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் கூட்டாக வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்தனர். 1988இல் பாறைகளின் அழுத்தத்தையும் வெடிப்பையும் ஆராய்வதற்கென்றே தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இவ்வூரில் நிறுவப்பட்டது.

இவை அனைத்தும் நமக்குப் பெருமை சேர்ப்பவை. இளம் இயற்பியலாளர்களின் ஒரு தலைமுறையே இச்சுரங்கத்தில் பயிற்சி பெற்றது. ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. துகளை ஆராய்பவருக்கும் பாறையை ஆராய்பவருக்கும் இவ்வூரில் பயிற்சிக் களம் அமைந்தது. அந்தப் பாறையை உடைத்த மனிதரின் கூலியையும் கடனையும் நுரையீரலையும் ஆராய விரும்பும் இளைஞருக்கு அப்படியொரு களம் அமைந்ததா? இதுவரை அமையவில்லை. அதனால்தான் இங்கே கூடியிருக்கிறோம்.

எண்ணியவர் யார், எண்ணப்பட்டவர் யார்?

1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் கம்பெனி இங்கே சுரங்கத் தொழிலைக் கையில் எடுத்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து, தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூர் நகரம் மின்விளக்கைக் கண்டது 1905இல்தான். மின்சாரம் முதலில் வந்தது இயந்திரத்துக்காக. அதை இயக்கியவர்கள் மூங்கில் தட்டியும் தகரமும் வேய்ந்த லைன் வீடுகளில் வாழ்ந்தார்கள். வட ஆர்க்காடு, சித்தூர் போன்ற பகுதிகளிலிருந்து நிலமற்ற கூலிகளாக வந்த தலித் மக்களே அவர்களில் மிகப் பெரும்பாலோர். சுரங்கத்தின் ஏணியில் யார் எந்தப் படியில் நிற்பது என்பதை நிறமும் சாதியும் தீர்மானித்தன.

கம்பெனி எல்லாவற்றையும் எண்ணியது. எத்தனை டன் கல் வெட்டப்பட்டது, ஒரு டன்னுக்கு எத்தனை குன்றிமணித் தங்கம் தேறியது, பங்குதாரருக்கு எவ்வளவு லாபம் என்றெல்லாம் ஆண்டுதோறும் அச்சிட்டது. 120 ஆண்டுகளில் இம்மண்ணிலிருந்து 800 டன்னுக்கும் மேற்பட்ட தங்கம் வெளியேறிய கணக்கு நமக்குத் துல்லியமாகக் கிடைக்கிறது. அந்தத் தங்கத்தை வெட்டிய குடும்பங்களின் வரவு செலவு அதே துல்லியத்துடன் எந்த ஏட்டில் இருக்கிறது?

தொழிலாளரையும் கம்பெனி எண்ணத்தான் செய்தது, ஆனால் தன் தேவைக்காக. 1930இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய முற்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அன்று அவர்களுக்கு வலுவான சங்கம் கிடையாது. தங்கள் உடலிலிருந்து எடுக்கப்படும் தகவல் தங்களுக்கு எதிராகவே பயன்படும் என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். ஆய்வுக்காகப் படிவத்தை எடுத்துக்கொண்டு ஒரு லைனுக்குள் நுழையும் ஒவ்வோர் ஆய்வாளரும் இதை மறக்கக் கூடாது. தகவல் சேகரிப்பு என்பது இங்கே ஒருகாலத்தில் போராட்டத்துக்கே காரணமாக இருந்தது.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். 1940களில் இங்கு ஏறத்தாழ 7,600 சுரங்கத் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் கண்டிருப்பது தெரியவந்தது. பாறைத் தூசியைச் சுவாசிப்பதால் வருவது இந்நோய். தீர்க்கும் மருந்து இல்லை. சுரங்கத்தை விட்டு வெளியேறிய பிறகும் அது உடலுக்குள் வளரும். காசநோயோடு சேர்ந்தே வரக்கூடியது, காசநோய் என்றே பிழையாகக் குறிக்கப்படுவதும் உண்டு.

முகாமுக்கு வந்திருக்கும் ஒரு மாணவி நேற்று என்னிடம் பேசினார். அவருடைய தாத்தா முப்பது ஆண்டுகள் சுரங்கத்தில் வேலை செய்தவர். இறப்புக்கான காரணமாகக் காகிதத்தில் காசநோய் என்று இருக்கிறது. 'ஆய்வுப் படிவத்தில் இறப்புக்கான காரணம் என்ற கட்டத்தில் காகிதத்தில் இருப்பதை எழுதுவதா, வீட்டார் சொல்வதை எழுதுவதா?' என்று கேட்டார். பயிற்சி எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது. இரண்டையும் தனித்தனிக் கட்டங்களில் எழுத வேண்டும், எந்தச் சுரங்கத்தில் எந்த வேலையில் எத்தனை ஆண்டுகள் இருந்தார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும், அப்படி நூறு வீடுகளின் பதிவை அடுக்கினால் காகிதம் எங்கே பொய் சொல்கிறது என்பது புலப்படும். ஒரு வீட்டில் புலம்பலாக நிற்பது, நூறு வீடுகளில் சான்றாக மாறுகிறது. அந்த மாற்றத்தைச் செய்யும் கைத்திறனையே ஆய்வுப் பயிற்சி என்கிறோம்.

இது நமக்குப் புதிய மரபன்று

ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்த அதே 1880ஆம் ஆண்டில், பிரெஞ்சு சோஷலிச இதழ் ஒன்றுக்காகக் கார்ல் மார்க்ஸ் ஒரு வினாப்பட்டியலைத் தயாரித்தார். ஏறத்தாழ நூறு கேள்விகள். வேலை நேரம் எவ்வளவு, கூலி எப்போது தரப்படுகிறது, விபத்து நேர்ந்தால் முதலாளி என்ன செய்கிறார், பிள்ளைகள் எந்த வயதில் வேலைக்குப் போகிறார்கள் என்றெல்லாம் கேட்டு, விடைகளைத் தொழிலாளரே எழுத வேண்டும் என்றார். தம் துன்பத்தை முழு அறிவோடு விவரிக்கக்கூடியவர் அத்துன்பத்தை அனுபவிப்பவரே என்பது அவர் நிலை. அதற்கும் முன்பே, மான்செஸ்டரின் தொழிலாளர் குடியிருப்புகளைச் சுற்றிவந்து எங்கெல்ஸ் தமது நூலை எழுதி முடித்தபோது அவருக்கு இருபத்துநான்கு வயதுதான். இன்றைய மொழியில் சொன்னால் அவரும் ஓர் இளம் ஆய்வாளர்.

நம் மண்ணிலும் முன்னுதாரணம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் செய்தார். தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, தஞ்சையின் பாலக்குறிச்சி, திருநெல்வேலியின் கங்கைகொண்டான், வட ஆர்க்காட்டின் தூசி முதலிய கிராமங்களைப் பற்றிய அவ்வாய்வுகள் 1918இல் நூலாக வந்தன. அதன் பிறகு பல தலைமுறை ஆய்வாளர்கள் அதே கிராமங்களுக்குத் திரும்பத் திரும்பச் சென்றார்கள். இருவேல்பட்டில் நிலம் யாரிடமிருந்து யாரிடம் சென்றது, பண்ணையாள் முறை எப்படித் தளர்ந்தது என்பதை 1916 முதல் 2008 வரை நாம் தொடர்ந்து அறிய முடிகிறதென்றால், அதற்கு அடித்தளம் அன்று மாணவர்களுக்குக் கிடைத்த பயிற்சியே. ஆயினும் அன்று பல்கலைக்கழகத்தை எட்ட முடிந்தவர்கள் பெரும்பாலும் வசதியான, மேல்சாதிக் குடும்பங்களின் பிள்ளைகள். சேரியின் பிள்ளை படிவத்தில் ஒரு வரியாக இருந்தான். படிவத்தை எழுதும் இடத்தில் அவன் இல்லை.

இன்னும் அருகில் வருவோம். 2009இல், பெங்களூரில் இயங்கும் வேளாண் ஆய்வுகளுக்கான அறக்கட்டளை, இதே கோலார் மாவட்டத்தின் சீரேசந்திரா கிராமத்தில் ஒரு வீட்டையும் விடாமல் கணக்கெடுத்தது. வி.கே. ராமச்சந்திரன், மதுரா சுவாமிநாதன் ஆகியோர் முன்னின்று நடத்தும் இத்தகைய கிராம ஆய்வுகளில் ஏராளமான இளம் ஆய்வாளர்கள் களப்பயிற்சி பெற்றுள்ளனர். பல்கலைக்கழகச் சுவர்களுக்கு வெளியேயும் தரமான பயிற்சி சாத்தியம் என்பதற்கு இது சான்று. கோலாரின் பட்டுப்புழு வளர்க்கும் கிராமத்துக்குச் செய்ய முடிந்ததை, கோலாரின் சுரங்க லைனுக்கும் செய்ய முடியும்.

தங்கவயலுக்குப் படிப்பும் எழுத்தும் அந்நியமல்ல. அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' ஏட்டைச் சுரங்கத் தொழிலாளர் வாசித்தனர். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கண்டனர். அவர் மறைவுக்குப் பிறகு 'தமிழன்' ஏடே இங்கிருந்து வெளிவந்தது. அவருடைய எழுத்துகளைத் தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை நூல்களாக்கிக் காத்தது. செங்கொடிச் சங்கம் இரவுப் பேச்சுகளில் அரசியல் கற்பித்தது. 1946ஆம் ஆண்டுப் போராட்டத்தில் காவல்துறையின் தாக்குதலுக்கு உயிரைக் கொடுத்த தோழர்களின் ஊர் இது. இந்தத் தொழிலாளரின் வரலாற்றை ஜானகி நாயர் தமது 'மைனர்ஸ் அண்டு மில்ஹேண்ட்ஸ்' நூலில் விரிவாக எழுதினார். அந்நூலை இங்குள்ள ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். அதைத் தொடரும் அடுத்த நூல் இவ்வூரின் வீடு ஒன்றிலிருந்து வர வேண்டும் என்பது என் விருப்பம்.

கதவுகள் மூடப்படுகின்றன

அப்படி எழுத விரும்பும் பிள்ளைக்கு இன்று என்ன வாய்ப்பு இருக்கிறது?

விடுதலைக்குப் பின் வந்த தலைமுறை சில நிறுவனங்களைக் கட்டியது. 1969இல் இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகம், 1971இல் மால்கம் ஆதிசேஷையாவின் முயற்சியில் சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனம், 1972இல் வி.கே.ஆர்.வி. ராவின் முயற்சியில் பெங்களூர் சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனம் ஆகியவை உருவாயின. ஆய்வுக் கழகத்தின் நிதியில் பத்து நாள் ஆய்வு முறையியல் வகுப்புகள் இன்றும் நடக்கின்றன. இளம் ஆய்வாளர்கள் அவற்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும், பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் அவை மிகப் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பெருநகரங்களில் நடப்பவை. இடங்களோ சொற்பம்.

ஆய்வைப் படிப்படியாகக் கற்க முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இருந்த படி எம்.பில். பட்டம். 2022ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் அதை நீக்கிவிட்டன. சிறுபான்மை மாணவருக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை அதே ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறியவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். தேறாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பயில்பவருக்கு 8,000 ரூபாய். 2015இல் அந்தத் தொகையையும் ஒழிக்க முயன்றபோது, மாணவர்கள் மானியக் குழு அலுவலகத்தை முற்றுகையிட்டுப் போராடி அதைக் காத்தார்கள். தொகையோ அன்றும் 8,000, இன்றும் 8,000. கோலாரில் உள்ள பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகம் போன்ற மாநிலப் பல்கலைக்கழக மாணவருக்கு அந்த 8,000 ரூபாய்த் திட்டமும் பொருந்தாது.

உதவித்தொகை என்பது சலுகையன்று. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் தலித் ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா, உதவித்தொகை பல மாதங்கள் வராத நிலையில், விடுதியிலிருந்தும் வெளியேற்றப்பட்டு, 2016 ஜனவரி 17 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். பின்னணியில் குடும்பச் சொத்து உள்ளவருக்கு உதவித்தொகை தாமதமானால் எரிச்சல் வரும். கூலி வீட்டுப் பிள்ளைக்குத் தாமதமானால் படிப்பு நிற்கும். ஏற்றத்தாழ்வை ஆராய வருபவர்களையே ஏற்றத்தாழ்வு வாசலில் வடிகட்டிவிடுகிறது.

பாரிசில் இயங்கும் உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் பொருளியலாளர்கள் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022-23இல் இந்தியாவின் மேல்தட்டு ஒரு சதவீதத்தினர் நாட்டு வருமானத்தில் 22.6 சதவீதத்தையும் செல்வத்தில் 40.1 சதவீதத்தையும் வைத்திருந்தனர். 2021இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஆண்டில் எடுக்கப்படவில்லை. ஏற்றத்தாழ்வு பெருகும் காலத்தில் அதை அளக்கும் கருவிகளும் அளக்கத் தெரிந்தவர்களும் குறைந்தால், அதனால் யாருக்கு நன்மை என்பதை இவ்வரங்கில் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பத்து நாட்களில் என்ன கற்கப் போகிறோம்?

முதலாவது, சராசரியை நம்பாமலிருக்கக் கற்போம். ஒரு லைனில் பத்து வீடுகள். ஒன்பது வீடுகளின் மாத வருமானம் தலா 12,000 ரூபாய், பத்தாவது வீட்டின் வருமானம் 1,12,000 ரூபாய் என்று வையுங்கள். சராசரி 22,000 ரூபாய். அந்த லைனில் 22,000 ரூபாய் ஈட்டும் வீடு ஒன்றுகூட இல்லை. கினிக் குறியீடும் லோரன்ஸ் வளைவும் இந்த எளிய உண்மையிலிருந்து தொடங்குபவையே. கணக்கு வராது என்று அஞ்ச வேண்டாம்.

இரண்டாவது, கேள்வி கேட்கக் கற்போம். 'உங்கள் மாத வருமானம் என்ன?' என்று கேட்டால் சரியான விடை வராது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவு திரும்பும் காவலாளிக்கும், துப்புரவுத் தொழிலாளிக்கும், வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் தனித்தனியே கேள்விகளை அமைக்க வேண்டும். வேலையில் எட்டு மணி நேரம், ரயிலில் எத்தனை மணி நேரம்? வேலை கிடைக்காத நாட்கள் எத்தனை? வைப்பு நிதி பிடிக்கிறார்களா, யார் பெயரில் கட்டுகிறார்கள்? நகை எங்கே அடகில் இருக்கிறது? தங்கம் வெட்டிய ஊரில் இந்தக் கடைசிக் கேள்விக்கான விடையே ஓர் ஆய்வேடாகும்.

மூன்றாவது, பெயரிடுவதில் உள்ள அரசியலைக் கற்போம். 2025இல் பட்டியல் சாதியினருக்கான உள் இடஒதுக்கீட்டுக்காக நீதிபதி நாகமோகன் தாஸ் ஆணையம் கர்நாடகத்தில் வீடுவீடாகக் கணக்கெடுத்தது. 'ஆதி திராவிடர்', 'ஆதி கர்நாடகர்' என்று மட்டும் பதிந்தவர்களை எந்தப் பிரிவில் வைப்பது என்ற சிக்கல் அப்போது எழுந்தது. ஒரு கட்டத்தில் எழுதும் ஒரு சொல், ஒரு குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்கு வேலையைத் தரவோ மறுக்கவோ செய்யும்.

நான்காவது, திருப்பித் தரக் கற்போம். யாரிடம் தகவல் வாங்குகிறோமோ அவரிடம் அனுமதி கேட்க வேண்டும், அவர் பெயரைக் காக்க வேண்டும், முடிவுகளை அவருடைய மொழியில் அவர் முன்னே படித்துக்காட்ட வேண்டும். கைரேகைப் பதிவை எதிர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நமது படிவம் கம்பெனியின் படிவமாக ஆகிவிடக் கூடாது.

கோரிக்கைகளும் கடமைகளும்

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தனர். அந்தக் குடும்பங்கள் கால் நூற்றாண்டில் எங்கே சென்றன, என்ன ஆயின என்பதற்கு முழுமையான கணக்கெடுப்பு வேண்டும். மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவு மண் 13 மேடுகளாகக் குவிந்துள்ளது. அதிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. அங்கே எவ்வளவு தங்கம் இருக்கிறது என்பதற்கு மதிப்பீடுகள் தயாராக உள்ளன. அந்தத் தூசி எத்தனை வீடுகளில் படிகிறது, லைன் வீடுகளில் எத்தனைக்குப் பட்டா இருக்கிறது, புதிய வேலையில் நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை என்று பேச்சுவார்த்தை மேசையில் வைக்க நம் கையில் கணக்கு இருக்கிறதா? இருக்க வேண்டும். அதை எடுத்துத் தரப் போகிறவர்கள் நீங்கள்.

ஆகவே அரசிடம் நாம் கேட்பவை இவை. ஆய்வு உதவித்தொகை விலைவாசிக்கேற்ப உயர வேண்டும், மாதந்தோறும் தவறாமல் வர வேண்டும், மாநிலப் பல்கலைக்கழக மாணவருக்கும் கிடைக்க வேண்டும். ஆய்வு முறையியல் வகுப்புகள் தமிழிலும் கன்னடத்திலும் மாவட்டக் கல்லூரிகளில் நடக்க வேண்டும். சுரங்க நிறுவனத்தின் பழைய பதிவேடுகளும் மருத்துவ ஏடுகளும் பாதுகாக்கப்பட்டு, நோயாளிகளின் அந்தரங்கம் காக்கப்பட்ட நிலையில், ஆய்வாளருக்குத் திறந்துவிடப்பட வேண்டும்.

நம்மிடமும் கேட்டுக்கொள்ள வேண்டியது உண்டு. எத்தனையோ மனுக்களில் 'ஏராளமான குடும்பங்கள்' என்று எழுதியிருக்கிறோம். எத்தனை குடும்பங்கள் என்று அதிகாரி கேட்டபோது விடையின்றி நின்றிருக்கிறோம். முழக்கத்தில் காட்டிய உழைப்பைக் கணக்கில் காட்டவில்லை. அரசு நிதி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சங்க அலுவலகங்களில் உள்ள பழைய துண்டறிக்கைகள், வழக்குக் கட்டுகள், சந்தாப் புத்தகங்கள் ஆகியவற்றை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். அனுபவமுள்ள தோழர்கள் அவர்களோடு லைன் லைனாக நடக்க வேண்டும்.

நாளைக் காலை நாம் வகுப்பறையில் இருக்க மாட்டோம். விடியுமுன் மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் கூடுவோம். பெங்களூர் வரை பயணிகளோடு பயணம் செய்து, நீங்கள் தயாரித்திருக்கும் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அவற்றில் பாதி தவறான கேள்விகள் என்பதைப் பயணிகளே சொல்லித் தருவார்கள். திரும்பி வந்து திருத்துவோம். மார்க்சின் வினாப்பட்டியலுக்கு வந்த விடைகள் குறைவு. நமது பட்டியலுக்கு விடை சொல்லத் தங்கவயல் காத்திருக்கிறது.

முகாம் வெல்க!